நாற்பது வினாடி

22 ஜூன் 2004, செவ்வாய்

இன்று நான்கு முறை திரை வெளுத்தது. நான்காவது முறை கௌண்டரில் இருக்கும் ஷிப்ராதி என்னைக் கூப்பிடக்கூட இல்லை. மானிட்டரை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

கரியாஹாட்டில் இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு மேஜை. ஜன்னல் கிடையாது. யாராவது படியேறினால் தலைமேல் நடக்கிற மாதிரி சத்தம். சால்ட் லேக் ஆபீசிலிருந்து பதினைந்து நாள் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இது பத்தாவது வாரம்.

அவருக்குக் கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றல் வந்து மே கடைசியில் மிட்டுவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். மிட்டு ஒன்றாம் வகுப்பு. நான் 'பின்னாலேயே வந்துவிடுகிறேன்' என்று சொன்னவள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை நிச்சயம். இங்கிருந்து ரிலீவிங் லெட்டர் மட்டும் கொண்டுபோக வேண்டும். நிலையத்தின் சொந்தக்காரர் டாக்டர் லாஹிரி, நான் எழுதிக்கொடுக்கிற சாஃப்ட்வேர் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால்தான் ஆபீசில் லெட்டர் தருவார்கள். திரை வெளுக்கிறவரை அவர் போடமாட்டார்.

ஆக, நான் ஒரு வெள்ளைத் திரைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

24 ஜூன்

இரண்டு முறை. மழை.

27 ஜூன், ஞாயிறு

எஸ்.டி.டி. பூத்தில் முக்கால் மணி வரிசை. மிட்டு வந்தாள். "மா, துமி கொபே ஆஷ்பே?" எப்போது வருவாய் என்று இன்னும் பெங்காலியில்தான் கேட்கிறாள். சீக்கிரம் என்றேன்.

"சீக்கிரம்னா டேட் சொல்லு. அப்பா காலண்டர் பக்கத்துல பென்சிலோட நிக்கறா."

என்ன தேதியைச் சொல்ல? லைன் சரியில்லை என்று பொய் சொன்னேன். லைன் மணி மாதிரி கணீரென்று இருந்தது.

1 ஜூலை, வியாழன்

எனக்கு நானே ஒரு தடவை தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

ரத்த டியூபை மெஷினில் வைத்து, ஷிப்ராதி கௌண்டரில் பட்டனை அழுத்தினால் அளவு வர நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடியும் புரோகிராமே காத்துக்கொண்டு நின்றால், எதிரே இருக்கிற விண்டோ செத்ததுபோல் கிடக்கும். எனவே காத்திருக்கிற வேலையைப் பின்னணியில் ஒரு தனி த்ரெட்டிடம், புரோகிராமுக்குள்ளேயே தனியாக ஓடுகிற ஒரு கிளையிடம், கொடுத்தேன். அதுவரை சரி. அளவு வந்ததும் அந்த த்ரெட்டே நேராகப் போய்த் திரையில் எழுதுகிறது. அங்கேதான் கோளாறு. விண்டோவை உருவாக்கிய த்ரெட்டைத் தவிர வேறு எதுவும் அதைத் தொடக்கூடாது. மற்றவை விஷயத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நான் எழுதினது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை ஓடுகிறது. மிச்ச ஐந்து முறை இரண்டும் ஒரே சமயத்தில் கை வைத்து, விண்டோ விறைத்து வெளுத்துப் போகிறது. எப்போது என்று யாருக்கும் தெரியாது. என் கம்ப்யூட்டரில் ஒரு முறைகூட நடக்காது, சண்டாளி.

ஒழுங்காக மாற்றி எழுத மூன்று வாரம் கேட்டேன். அநிர்பான்தா, என் மேலாளர், போனில் பெருமூச்சு விட்டார். மாதங்கி என்கிற என் பெயர் அவர் வாயில் மாதோங்கி. "மாதோங்கி, லாஹிரி அடுத்த வாரமே கேட்கிறார். கையெழுத்து வந்த அன்றைக்கே உன் லெட்டர். வராவிட்டால் நான் என்ன செய்ய?"

9 ஜூலை, வெள்ளி

குறுக்கு வழியில் போய்விட்டேன். த்ரெட்டைத் தூக்கி எறிந்தாயிற்று. புரோகிராமே காத்திருக்கட்டும், காத்திருக்கும்போது நடுநடுவே 'யாராவது எதையாவது கிளிக் செய்திருந்தால் அதையும் கவனி' என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். திரை உயிரோடு இருக்கிறது.

புத்தகத்தில் இப்படிச் செய்யாதே என்று போட்டிருக்கிறது. புத்தகம் எழுதினவன் குழந்தை அவன் வீட்டில்தான் இருக்கும்.

12 ஜூலை, திங்கள்

சனிக்கிழமை போட்டுக் கொடுத்தேன். இன்று அறுபத்தோரு டியூப். ஒரு முறைகூட வெளுக்கவில்லை. ஷிப்ராதி சந்தேஷ் ஸ்வீட் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தாள். "ஏதோ இருக்கு உன்கிட்ட, ஒத்துக்கறேன்" என்று பாதி ஹிந்தி பாதி பெங்காலியில் சொன்னாள். நான் இரண்டு சாப்பிட்டேன்.

14 ஜூலை, புதன்

டிக்கெட் எடுத்தாயிற்று! 23, வெள்ளி, கோரமண்டல் எக்ஸ்பிரஸ். டாக்டர் லாஹிரி 22-ஆம் தேதி கையெழுத்துப் போடுகிறார். ஞாயிறு காலை கோயம்புத்தூர். மிட்டுவிடம் தேதி சொன்னேன். காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு ரிசீவரைக் கீழே வைக்காமலே ஓடிவிட்டாள். ஐந்து நிமிஷம் அந்த வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன், குக்கர் விசில் உட்பட.

19 ஜூலை, திங்கள்

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதிவிடலாம்.

காலை ஒன்பது மணிக் கூட்டம். நான் டீயோடு கௌண்டர் பக்கம் சும்மா நின்றேன். இங்கே வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம். பதினாலு வாரமாகப் பார்த்தும் நான் கவனிக்காத வழக்கம். ரத்தம் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். கௌண்டர் மேல் சாய்ந்துகொண்டு, "ஆமார் நாம் உட்டெச்சே, தீதி?" என்பார்கள். என் பெயர் ஏறிவிட்டதா? கம்ப்யூட்டரில் தன் பெயரைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. ஷிப்ராதியும் அலுத்துக்கொள்ளாமல் அந்தப் பெயரைக் கிளிக் செய்து மானிட்டரைத் திருப்பிக் காட்டுவாள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இன்று அப்படிக் காட்டியபோது மெஷின் வேறொருவருடைய டியூபைப் படித்துக்கொண்டிருந்தது. நாற்பது வினாடி முடிந்தது. அளவு வந்து, திரையில் திறந்திருந்தவர் பெயரில் உட்கார்ந்தது.

பழைய த்ரெட் எந்த டியூபுக்குக் கிளம்பியதோ அந்த எண்ணைத் தன்னோடு வைத்திருந்தது. குறுக்கு வழியில் நான் எழுதினது: 'இப்போது திரையில் யார் இருக்கிறாரோ அவருக்கு.' யாரும் மாற்றமாட்டார்கள் என்று நினைத்தேனா? நினைக்கவே இல்லை. நினைக்கவே இல்லைடி நீ.

இன்னும் மோசம்: பட்டியல் தானாகவே அளவு வராத முதல் பெயருக்குப் போகும். அதுவும் நான் வைத்த சொகுசு. அதனால் அடுத்த டியூபின் அளவு, விடுபட்டவர் பெயரில் போய்விழுகிறது. இரண்டு பேருக்கும் அளவு வந்துவிடுகிறது. எல்லாம் நிரம்பி, பார்க்க அழகாக இருக்கிறது. இடம் மட்டும் மாறி.

ஷிப்ராதிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இன்று மாறிய இரண்டு பேரின் டியூபையும் மறுபடி படிக்கவைத்தேன், கேபிள் லூஸ் என்று சொல்லி. பட்டியலையும் பூட்டிவிட்டேன். படிக்கும்போது இனி யாரும் கிளிக் செய்ய முடியாது.

ஆனால் போன ஒன்பது நாள்?

20 ஜூலை, செவ்வாய்

மெஷின் தானாகவே ஒரு காகிதத் துண்டு அச்சடிக்கும், டியூப் எண்ணோடு. அவற்றை ஒரு காலி மிட்டாய்ப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டேன்.

மூன்று ஜோடி மாறியிருக்கிறது. இரண்டு ஜோடியில் எல்லாருமே நார்மல். பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது, 13-ஆம் தேதி. நிமாய் ஹால்தார், 58 வயது. சர்க்கரை 92, ரிப்போர்ட்டில் கொடுத்தது 348. அஞ்சலி மொண்டல், 41 வயது. சர்க்கரை 348; கொடுத்தது 92.

அநிர்பான்தாவிடம் சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "சத்தம் போடாமல் சரிசெய்துவிடு. வியாழன் கையெழுத்து, வெள்ளி உன் ரயில். துண்டுச் சீட்டை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார்.

அந்தப் பெண்மணி?

"இந்த ஊரில் எல்லாரும் இரண்டு இடத்தில் டெஸ்ட் பார்க்கிறவர்கள்தான். வேறு எங்கேயாவது பார்த்திருப்பாள்."

கெட்ட மனிதர் இல்லை. பதினெட்டுப் பேருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் போடவேண்டிய கவலையில் இருக்கிறவர். அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஒரு வினாடி மனசு லேசாகிவிட்டது. அதை நினைத்தால்தான் கூசுகிறது.

21 ஜூலை, புதன்

இன்று சொல்லவில்லை. இரண்டு தடவை டாக்டர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன்.

ஒரே ஒரு நாள். நாளைக்குக் கையெழுத்து, மறுநாள் ரயில். பெட்டி கட்டியாச்சு. மிட்டு வட்டம் போட்டு வெச்சிருக்கா. யாருக்குத் தெரியப்போறது? எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா என்ன? எத்தனையோ தெரிஞ்சுண்டுதானே எல்லாரும் சாப்பிடறோம், தூங்கறோம். ஐயோ, வாயை மூடிண்டு போயேன்டி.

22 ஜூலை, வியாழன்

டாக்டர் லாஹிரி பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அப்போதுதான் சொன்னேன். அதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். தைரியம் அந்த நிமிஷம்தான் வந்தது, அதுவும் அழுகையாக.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "இரண்டு பேரையும் கூப்பிடு" என்றார்.

நிமாய் பாபுவுக்குப் போன் இருந்தது. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார், ரிட்டையரான டிராம் கண்டக்டர். தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுத் தலைசுற்றி, பஸ்ஸில் விழப்பார்த்தாராம். கத்துகத்தென்று கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். ஓய்ந்தபின் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்துவிட்டு, "அப்போ இந்தச் சர்க்கரை யாருடையது?" என்று கேட்டார்.

அஞ்சலி மொண்டலுக்குப் போன் இல்லை. ஃபாரத்தில் அவள் சமையல் வேலை செய்கிற பாலிகஞ்ச் வீட்டு விலாசம் மட்டும்.

23 ஜூலை, வெள்ளி

ரயில் மத்தியானம். கையெழுத்தும் இல்லை, லெட்டரும் இல்லை; மிட்டு வட்டம் போட்ட தேதிக்காவது போய்விட வேண்டும். பெட்டியைப் பூட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்கே பாலிகஞ்ச் போனேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு அப்படியே ஹௌரா ஸ்டேஷன் போய்விடலாம் என்று கணக்கு.

அந்த வீட்டம்மா, அவள் நான்கு நாளாக வரவில்லை என்றாள். காலில் ஏதோ புண்ணாம். வீடு சோனார்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், குளத்துப் பக்கமாம்.

பாலிகஞ்ச் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றேன். ஒரு பக்கம் ஹௌரா போகிற பஸ், இன்னொரு பக்கம் சோனார்பூர் லோக்கல். ஷிப்ராதியைப் போகச் சொல்லலாம். கடுதாசி போடலாம். லோக்கல் வந்தது, ஏறிவிட்டேன். யோசித்து ஏறினேன் என்று சொல்லமுடியாது.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. ஒற்றை அறை. கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தது. நாற்றம். ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்டேன். லட்சுமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். மடிப்புக்கூட விழாமல் எங்கள் ரிப்போர்ட்.

"ரிப்போர்ட் தோ பாலோ, தீதி." ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே.

என் புரோகிராம் அச்சடித்த காகிதம். மேலே பார்டர் நான் போட்டது.

ரிப்போர்ட் மாறிப்போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவளையும் அவள் அக்காவையும் டாக்ஸியில் ஏற்றி சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சீட்டு, வரிசை, இன்னொரு வரிசை. படுக்கை கிடைத்தபோது மணி நாலு. ரயில் ஒரிசாப் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கும்.

பூத்திலிருந்து பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "சரி" என்றார்.

"மிட்டு கிட்ட குடுங்கோ."

"அவ வரமாட்டேங்கறா."

27 ஜூலை

அஞ்சலிக்கு வலது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அந்தப் பத்து நாளால்தானா என்று கேட்டேன். சொல்லமுடியாது என்றார் டாக்டர். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

2 ஆகஸ்ட், திங்கள்

டாக்டர் லாஹிரி கூப்பிட்டார். "முதலில் ஒழுங்காக எழுதிக் கொடு. மற்றதை அப்புறம் பேசலாம்." ஆஸ்பத்திரிச் செலவை அவரே பார்த்துக்கொண்டார்.

மாடிப்படிக்குக் கீழே, இரவு பகலாக, முதல் வரியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். பின்னணி த்ரெட் தன் டியூப் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். திரையைத் தொடாது. முடிந்ததும் எண்ணையும் அளவையும் சேர்த்து விண்டோவிடம் ஒப்படைக்கும். விண்டோ தனக்கு ஒழிந்தபோது அந்த எண்ணுக்குரிய பெயரில் எழுதும், திரையில் யார் இருந்தாலும் சரி. எவ்வளவு எளிது. முதலிலேயே மூன்று வாரம் கொடுத்திருந்தால்—

இல்லை. குறுக்கு வழியில் போனது நான்.

6 ஆகஸ்ட்

புதிதாக ஒரு பீடை. விண்டோவை மூடினால், பின்னணி வேலை முடியட்டும் என்று விண்டோ காத்திருக்கிறது. பின்னணி வேலையோ, தான் கொடுப்பதை விண்டோ வாங்கிக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. அரைமணி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஆபீஸ், டாக்டர், நான், அவர், மிட்டு என்று வரிசையாக ஞாபகம் வந்து, பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டேன்.

7 ஆகஸ்ட்

சரியாகிவிட்டது. கொடுக்கிறவன் வாங்கினானா என்று நிற்காமல், வைத்துவிட்டுத் தன் வழியே போகவேண்டும். ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்.

12 ஆகஸ்ட், வியாழன்

ஐந்து நாளாக ஓடுகிறது. வெளுக்கவில்லை, மாறவில்லை. ஷிப்ராதி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பெயரைத் திருப்பிக் காட்டலாம். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து துண்டுச் சீட்டுகளோடு ஒப்பிடுகிறோம். ஒன்றுகூடத் தப்பில்லை.

அவள் இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை. சீட்டைப் படிக்கிறாள், நான் டிக் போடுகிறேன்.

16 ஆகஸ்ட், திங்கள்

கையெழுத்து கிடையாது. டாக்டரின் வக்கீல் சொல்லிவிட்டாராம்: போட்டால் நடந்ததற்கும் சேர்த்து ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், போடாதீர்கள் என்று. "சாஃப்ட்வேரை நான் உபயோகிப்பேன், மாதங்கி. ஆனால் எழுதித் தரமுடியாது."

அநிர்பான்தாவிடம் போனேன். கையெழுத்து இல்லாமல் லெட்டர் இல்லை. ராஜினாமா நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லாது, லாஹிரியோடு கணக்கு இன்னும் முடியவில்லையாம். வேண்டுமானால் துர்காபூரில் ஒரு வேலை இருக்கிறது, ஆறு மாதம், அது முடிந்ததும் பார்க்கலாம். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தப்பாக எழுதினபோது கையெழுத்துப் போட பேனாவைத் திறந்தார்கள். சரியாக எழுதினதற்குப் போடமாட்டார்கள். எங்கே போய் முட்டிக்கொள்ள? எந்தச் சுவரில்?

18 ஆகஸ்ட்

வீட்டுக்குப் போன் போட்டு அவரிடம் பேசினேன். லெட்டர் இல்லாமல் வந்தால் அந்தக் கம்பெனியில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்றேன்.

"போனாப் போறது, வாயேன். உன் வேலையா எனக்கு வேணும்?"

"எனக்கு வேணும்!" என்று கத்திவிட்டேன். பூத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நிஜம்தானே, எனக்கு வேணும். ஒன்பது வருஷமா எழுதறேன். இந்த ஒண்ணுதான் எனக்கு நன்னா வரும்னு நெனச்சிண்டிருந்தேன்.

அவருக்குப் பின்னால் மிட்டு யாரிடமோ தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். முழுக்கத் தமிழில்.

21 ஆகஸ்ட், சனி

சோனார்பூர் போனேன். அஞ்சலி வீட்டுக்கு வந்துவிட்டாள். பாலிகஞ்ச் வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்று அக்கா சொன்னாள்.

ரிப்போர்ட் எப்படி மாறியது என்று இன்றுதான் முழுதாகச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா, தீதி?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர் இல்லை. நான்."

போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஏகோன் ஜான்" என்றாள். போங்கள் இப்போது. அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

23 ஆகஸ்ட், திங்கள்

ராஜினாமாவை அநிர்பான்தாவின் மேஜையில் வைத்தேன். ஒப்புக்கொண்டேன் என்று அவர் கையெழுத்துப் போடவில்லை. நானும் நிற்கவில்லை. டிக்கெட் ஆர்.ஏ.சி. உட்கார்ந்துகொண்டாவது போவேன்.

9 டிசம்பர் 2004, வியாழன், கோயம்புத்தூர்

மிட்டுவுக்கு நாலு நாளாக ஜுரம். டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். நான் வேலை பார்க்கிற டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லேப் இருக்கிறது. பெரிய கம்பெனிக்காரர்கள் ஸாரி சொன்னபின் எனக்குக் கிடைத்தது இந்த இன்ஸ்டிட்யூட்தான். காலேஜ் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

மத்தியானம் ரிப்போர்ட் வாங்கப் போனேன். லேப் பெண் நீட்டினாள். வாங்கி, பெயரைப் படித்தேன். வயதைப் படித்தேன். மறுபடி பெயர். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.

"எல்லாரும் நம்பரைத்தானுங்க பாப்பாங்க. நீங்க என்னங்க பேரையே பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"டியூபை எடுத்துண்டு வரமுடியுமா?"

"ரிப்போர்ட்டே குடுத்தாச்சுங்களே."

"எடுத்துண்டு வாம்மா. ஒரு நிமிஷம்தான்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். வர நேரமாயிற்று. நான் காகிதத்தின் கீழ்ப்பாதியைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்தச் சின்ன டியூபைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தாள். லேபிளில் எண், காகிதத்தில் எண். பெயர், பெயர்.

அப்புறம்தான் கையை எடுத்து அளவைப் பார்த்தேன்.